ஜெயித்தவருக்கும் அநியாயம்

1956 ஒலிம்பிக் மெல்போர்னில் நடந்தது. குதிரைப் போட்டிகள் மட்டும் அங்கே நடக்கவில்லை. வெளிநாட்டுக் குதிரைகளை உள்ளே விட ஆஸ்திரேலியாவின் நோய்த்தடுப்புச் சட்டம் இடம் கொடுக்காததால், அந்தப் போட்டிகளை ஜூன் மாதமே ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் தனியாக நடத்தி முடித்தார்கள். அதில் டிரெஸ்ஸாஜ் என்று ஒரு பிரிவு. ஓட்டமும் இல்லை, தாண்டுதலும் இல்லை. வகுத்துக் கொடுத்த அசைவுகளைக் குதிரையும் ஆளும் இசைந்து செய்து காட்ட வேண்டும். நடுவர்கள் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். ஸ்வீடன் நடுவர் தன் நாட்டு வீரர்கள் மூவரையும் முதல் மூன்று இடங்களில் வைத்தார். ஜெர்மனி நடுவர் தன் நாட்டு வீரர்கள் மூவரையும் முதல் மூன்று இடங்களில் வைத்தார். இரண்டு பேரையும் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு இடைநீக்கம் செய்தது. நான்கு வருடம் கழித்து ரோமில் நடந்த ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் குழுப் போட்டியே இல்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதற்கு அடுத்த வரிதான் உறுத்துகிறது. ஸ்டாக்ஹோமில் தங்கம் வாங்கியவர் ஹென்ரி செயிண்ட் சீர் என்ற ஸ்வீடன்காரர். அவர் நேற்று முளைத்தவர் அல்லர். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கிலும் தங்கம் அவருக்குத்தான். சொந்த நாட்டு நடுவரின் தயவில் ஜெயிக்க வேண்டிய நிலையில் இருந்தவர் இல்லை. ஆனாலும் 1956 தங்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், குதிரை எப்படி நடந்தது என்பதற்கு முன்னால் நடுவர் எப்படி நடந்துகொண்டார் என்பதுதான் வருகிறது.

பாரபட்சம் என்றதும் தோற்றவர் பக்கம் போய் நிற்பது நம் இயல்பு. அது சரியும்கூட. ஆனால் அதே மேடையில் பரிசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவரிடமும் ஒன்று பறிபோகிறது. அதைக் கேட்க ஆளில்லை.

குதிரை என்றால் சென்னைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கிண்டி ரேஸ். அடையாறிலிருந்து கூப்பிடு தூரம். 2024 செப்டம்பரில் அரசு அந்த இடத்துக்குச் சீல் வைத்தது. ஆனாலும் பரம்பரையாகப் பந்தயம் பார்த்தவர்கள் இந்த ஊரில் உண்டு. ரேஸைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். எந்தக் குதிரை முதலில் வந்தது என்பதில் மட்டும் சண்டை நீளாது. கோடு இருக்கிறது, கேமரா இருக்கிறது, மூக்கு நுனி அளவு வித்தியாசம்கூட போட்டோ ஃபினிஷில் தெரிந்துவிடும். செஸ்ஸும் அப்படித்தான். 2013-இல் நம்ம ஊர் அண்ணா சாலை ஹோட்டலிலேயே விஸ்வநாதன் ஆனந்த் தன் உலகப் பட்டத்தை மாக்னஸ் கார்ல்சனிடம் இழந்தார். ஊரே வருத்தப்பட்டது; நடுவரைக் குறை சொல்ல வழியே இருக்கவில்லை. எல்லாமே பலகையில் இருந்தது.

டிரெஸ்ஸாஜில் கோடும் இல்லை, பலகையும் இல்லை. 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள மணல் களம். சுற்றிலும் எழுத்துகள் நட்டிருக்கும். ஒவ்வொரு அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண், அரை மதிப்பெண்ணும் உண்டு. பெரிய போட்டிகளில் நடுவர்கள் ஐந்து பேர் அல்லது ஏழு பேர். அவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பதில்லை. களத்தைச் சுற்றித் தனித்தனிக் கூண்டுகள். ஒவ்வொருவர் பக்கத்திலும் எழுதுவதற்கென்று ஓர் ஆள்; நடுவர் கண்ணைக் குதிரையிலிருந்து எடுக்காமல் மதிப்பெண்ணையும் காரணத்தையும் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொள்கிறார். முடிந்ததும் அந்தத் தாள் வீரரின் கைக்கு வருகிறது. எந்த அசைவுக்கு எந்த நடுவர் எவ்வளவு போட்டார், ஏன் குறைத்தார் என்பது அதில் இருக்கும். 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா நால்வரும் இந்தியாவுக்கு டிரெஸ்ஸாஜ் குழுத் தங்கம் வாங்கிக் கொடுத்தபோது, அணியின் மொத்தம் 209.205. குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த ஆசியத் தங்கம் அது. மூன்றாவது தசமம் வரை போகும் அந்த எண்ணும் அடிப்படையில் சில மனிதர்களின் அபிப்பிராயம்தான். ஆனால் யார் யார் அபிப்பிராயம் என்பது வெளியில் தெரிந்த அபிப்பிராயம்.

மயிலாப்பூரில் குதிரைக் களம் கிடையாது. அபிப்பிராயத்துக்கு மதிப்பெண் போடும் இடங்களுக்குப் பஞ்சமும் கிடையாது. பாட்டுப் போட்டி, ஸ்லோகப் போட்டி, மாட வீதியில் கோலப் போட்டி, நவராத்திரியில் வீடு வீடாக வந்து பார்க்கும் கொலுப் போட்டி. மார்கழி நெருங்க நெருங்க மயிலாப்பூரிலிருந்து தி. நகர் வரை ஏதாவது ஒரு சபாவின் மாடி ஹாலில் யாராவது ஒரு குழந்தை தொண்டையைச் சரிசெய்துகொண்டு காத்திருக்கும்.

அந்த ஹால் பார்த்தவர்களுக்குத் தெரியும். கீழே ஜமக்காளம், எதிரே ஒரு மேஜை, அதன் பின்னால் மூன்று நாற்காலிகள், ஃபிளாஸ்க்கில் காபி. பட்டுப்பாவாடை போட்ட பெண் உள்ளே வந்து நமஸ்காரம் செய்கிறாள். ஸ்ருதிப் பெட்டியை யாரோ ஐந்து கட்டைக்குத் திருப்பி வைக்கிறார்கள்.

"பேர் என்னம்மா?"

சொல்கிறாள்.

"பாட்டு யார்கிட்ட கத்துக்கறே?"

அதையும் சொல்கிறாள். நாற்காலிகளில் ஒன்று மலர்கிறது. "ஓ, அவாகிட்டயா! சௌக்கியமா இருக்காளா? நான் கேட்டேன்னு சொல்லு. சரி, பாடு."

அடுத்து வருகிற பையனிடமும் அதே கேள்வி. அவன் சொல்லும் பெயர் மூன்று பேருக்கும் தெரியாது. "ம்... சரி, பாடு."

அந்த "சௌக்கியமா"வுக்கும் இந்த "ம்"முக்கும் நடுவில் இருக்கிறது விஷயம். யாரும் லஞ்சம் வாங்கவில்லை. யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. மூன்று பேரும் நல்லவர்கள், தங்கள் ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்து வந்தவர்கள். ஆனால் முதல் ஸ்வரம் வருவதற்கு முன்பே ஒரு குரலை எப்படிக் கேட்பது என்று காதுக்குச் சொல்லியாயிற்று. தெரிந்த ஆசிரியரின் மாணவி காந்தாரத்தில் கொஞ்சம் தள்ளாடினால், "பாவம், தொண்டை கட்டியிருக்கு". தெரியாத ஆசிரியரின் மாணவன் அதே இடத்தில் தள்ளாடினால், "அடிப்படை சரியில்லை". ஒரே பிழைக்கு இரண்டு விளக்கம். நடுவரே கவனிக்காத இடத்தில் இது நடந்துவிடுகிறது. அதனால்தான், "நான் பாரபட்சம் பார்க்கிறவள் இல்லை" என்று அவர் சொல்வதில் பொய்யும் இல்லை, பயனும் இல்லை.

இது இன்றைக்குத் தெரிந்த சேதியா என்றால், இல்லை. காமராஜர் சாலையில் இருக்கும் வானொலி நிலையத்துக்கு இதெல்லாம் எப்போதோ தெரியும். பி.வி. கேஸ்கர் மத்திய அமைச்சராக இருந்த 1950-களில் அகில இந்திய வானொலி, பாடகர்களுக்கு ஆடிஷன் வைத்துத் தரம் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. பாடுகிறவரின் முகமும் பெயரும் கேட்கிறவருக்குத் தெரியக் கூடாது என்பது அதன் அடிப்படை. பெரிய வித்வான்கள் பலருக்கு அது அவமானமாகப் பட்டது. பேர் சொல்லாமல் நான் பாடிக் காட்ட வேண்டுமா என்ற கோபம் நியாயமானதுதான். ஆனால் பேர் இல்லாதவனுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பும், முகத்தையும் பேரையும் மறைத்த அந்தத் திரைதான்.

திரைக்கும் ஓர் எல்லை உண்டு. முகத்தை மறைக்கலாம், பாணியை மறைக்க முடியாது. காம்போதியில் இரண்டு பிடி பிடித்தாலே இது எந்த வீட்டுப் பாட்டு என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். மேலும் இது சின்ன உலகம். கற்றுக்கொடுப்பவர்களும் கச்சேரி செய்பவர்களும் நடுவராக வருபவர்களும் ஒரே ஆட்கள். சொந்த மாணவர் போட்டியில் இல்லாத, ஆனால் விஷயம் தெரிந்த நடுவரைத் தேடுவது அமைப்பாளர்களுக்குப் பெரும்பாடு. இதையும் சொல்லாமல் நடுவர்களை மட்டும் திட்டினால் அது இன்னொரு ஓரவஞ்சனை.

பெற்றோர்களான நம் பக்கத்து ஓரவஞ்சனையையும் பார்த்துவிடலாம். டிரெஸ்ஸாஜில் களத்தின் தலைப்பக்கம் உட்காரும் நடுவருக்கு, குதிரை நடுக்கோட்டில் நேராக வருகிறதா என்பது துல்லியமாகத் தெரியும். பக்கவாட்டில் இருப்பவருக்கு நேர்கோடு அவ்வளவு பிடிபடாது. பின்னங்கால் எவ்வளவு தூரம் முன்னே வந்து விழுகிறது என்பது நன்றாகத் தெரியும். ஒரே அசைவுக்கு ஒருவர் 7 போட்டு, இன்னொருவர் 6 போட்டால் அதில் சூது இருக்க வேண்டியதில்லை. அவரவர் நாற்காலியிலிருந்து தெரிந்ததைப் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் நடுவர்களைச் சுற்றி உட்கார வைக்கிறார்கள். பாட்டுப் போட்டியிலும் ஒருவர் ஸ்ருதியைப் பிடித்துக்கொள்வார், ஒருவர் தாளத்தை, ஒருவர் சாகித்ய உச்சரிப்பை. பெற்றோர் உட்காரும் இடத்திலிருந்து தெரிவது ஒரே ஒரு குழந்தை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பாரபட்சம் என்று நாம் சொல்லும் புகார்களில் ஒரு பங்கு, நாம் வேறு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம் என்பது மட்டுமே. மீதிப் பங்கு உண்மை. எது எந்தப் பங்கு என்று பிரித்துப் பார்க்க ஒரே வழி, காரணம் எழுதிய தாள். அது பெரும்பாலான போட்டிகளில் நம் குழந்தைகள் கையில் தரப்படுவதில்லை. முதல், இரண்டு, மூன்று, ஆறுதல் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு ஹாலைப் பூட்டிவிடுகிறார்கள். காரணம் இல்லாத இடத்தில் சந்தேகம்தான் குடியேறும்.

அந்தச் சந்தேகம் யார் தலையில் விழுகிறது? மாடிப்படியில் காத்திருக்கும் மாமிகளின் பேச்சைக் கேட்டால் தெரியும். "அந்தக் குழந்தை ஜட்ஜோட ஸ்டூடண்டாம். அப்புறம் என்ன, ஃபர்ஸ்ட் பிரைஸ் அங்கேதான்." அந்தக் குழந்தை இன்னும் பாடவே இல்லை. பிறகு பாடுகிறாள், நன்றாகவே பாடுகிறாள், முதல் பரிசும் வாங்குகிறாள். வெள்ளிக் குத்துவிளக்கோடு படி இறங்கும்போது, வழி விடுகிற மாமிகள் "கங்கிராட்ஸ்" என்கிறார்கள். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று பத்து வயதுப் பெண்ணுக்குத் தெரியும். டீச்சர் நாற்காலியில் இல்லாதிருந்தால் இதே பரிசு கிடைத்திருக்குமா? இந்தக் கேள்விக்கு இனிமேல் அவளாலும் விடை சொல்ல முடியாது. தோற்ற பையனுக்கு ஒரு கோபமாவது மிச்சம் இருக்கிறது. இவளுக்கு அதுவும் இல்லை.

பரிசு என்று நாம் சொல்வது விளக்கும் கோப்பையும் அல்ல, "இது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான்" என்று நிம்மதியாக நினைக்கும் உரிமை. அதைத் தர வேண்டியவர் நடுவர். பாரபட்சமான நடுவர் விளக்கைத் தருகிறார், உரிமையை எடுத்துக்கொள்கிறார்.

இதற்கு இன்னும் பெரிய சாட்சி 1988 சியோல் ஒலிம்பிக். குத்துச்சண்டை இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் ஜூனியரும் தென்கொரியாவின் பார்க் சி ஹுனும். ஜோன்ஸ் விட்ட குத்துகளில் 86 சரியாக விழுந்தன என்றும், பார்க்குடையவை 32 என்றும் கணக்கு. நடுவர்கள் 3-2 என்று பார்க்குக்குத் தங்கம் கொடுத்தார்கள். சொந்த மண், சொந்த நாட்டுக் கூட்டம். உலகம் ராய் ஜோன்ஸுக்காகக் கொதித்தது. அந்த ஒலிம்பிக்கின் மிகச் சிறந்த குத்துச்சண்டை வீரர் என்ற விருதும் ஜோன்ஸுக்கே போனது. பிறகு அவர் தொழில்முறைப் போட்டிகளில் மிடில்வெயிட்டில் தொடங்கி ஹெவிவெயிட் வரை உலகப் பட்டங்கள் வாங்கினார். தங்கம் வாங்கிய பார்க் தொழில்முறைக்குப் போகவே இல்லை. கேட்காமலே வந்த அந்தத் தங்கம் அவரைப் பல ஆண்டுகள் வாட்டியது. 2023-இல் அமெரிக்காவில் ஜோன்ஸின் ஊருக்கே போய், அந்தப் பதக்கத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார். முப்பத்தைந்து வருடம் ஒரு மனிதரின் வீட்டில் இருந்த தங்கம், ஒரு நாளும் அவருடையதாக இருக்கவில்லை.

நம் நாட்டுக் குத்துச்சண்டை வீராங்கனை ஒருவரின் கதையில் அதற்கு நேர் எதிரான ஒரு காட்சி உண்டு. 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டியில் மணிப்பூரின் சரிதா தேவி அரையிறுதியில் தென்கொரியாவின் பார்க் ஜி நாவிடம் தோற்றதாக அறிவித்தார்கள். தான் ஜெயித்த சண்டை என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை, பார்த்த பலருக்கும் இல்லை. பதக்க மேடையில் அழுதுகொண்டே தன் வெண்கலத்தை அந்தக் கொரியப் பெண்ணிடமே கொடுத்தார். சர்வதேச அமைப்பு சரிதாவுக்கு ஒரு வருடத் தடை விதித்தது. சரிதாவின் கண்ணீர் நமக்கு நன்றாகப் புரிந்தது. அந்த நிமிடத்தில் கையில் இரண்டு பதக்கத்தோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற பார்க் ஜி நாவைப் பற்றி யோசித்தவர்கள் குறைவு. தீர்ப்பு எழுதியது அவர் அல்ல. பதில் சொல்ல வேண்டிய நடுவர்கள் அந்த மேடையில் இல்லை. இரண்டு பெண்கள் மட்டும் இருந்தார்கள், இரண்டு பேருமே பறிகொடுத்தவர்கள்.

அப்படியானால் நல்ல நடுவரை எங்கே தேடுவது? தேட வேண்டாம் என்பதுதான் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் சொல்லும் பதில். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும், அந்த ஊர்ச் சபை தன் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தது. தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் கையை விட்டு எடுக்க வேண்டும். எடுத்த ஓலையை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில் ஏந்தி வாங்க வேண்டும். அவர் வாசித்த பிறகு, அங்கே இருக்கும் நம்பிமார் என்ற அர்ச்சகர்கள் எல்லாரும் அதை வாசிக்க வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் குடத்துக்குள்ளேயே வர முடியாது. எந்தெந்த உறவு என்றுகூட வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஐந்து விரலை விரி என்று மத்தியஸ்தரிடம் சொன்னது அவரைத் திருடன் என்று நினைத்ததால் இல்லை. விரித்த கையில் விழுந்த பெயர்தான் சந்தேகமில்லாத பெயர். அந்த விதி தோற்றவருக்குத் தந்த பாதுகாப்பைவிட, தேர்வானவருக்குத் தந்த பாதுகாப்பு பெரிது. அடுத்த நாள் காலையில் ஊர் ஏரிக் கரையில் நின்று அவர் அதிகாரத்தோடு பேச முடியும். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் இந்த மண்ணில் இவ்வளவு தெளிவாக யோசித்தவர்கள் மனிதரின் நல்ல மனத்தை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. நல்ல மனம் உள்ளவருக்கும் விரிக்க ஐந்து விரல் உண்டு என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

குதிரை உலகமும் தன் பங்குக்கு இதைக் கற்றுக்கொண்டது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் ராணுவ அதிகாரிகளுக்கு மட்டும். ஸ்வீடன் அணியில் இருந்த கெஹ்னல் பெர்சன் அதிகாரி இல்லை. போட்டிக்காக அவசரமாகப் பதவி உயர்வு கொடுத்து, முடிந்ததும் இறக்கிவிட்டார்கள். விஷயம் வெளியே வர, அடுத்த வருடம் ஸ்வீடனின் குழுத் தங்கத்தைப் பறித்துப் பிரான்சுக்குக் கொடுத்தார்கள். இங்கே எந்த நடுவரும் தப்பாக மதிப்பெண் போடவில்லை. விதியே ஆள் பார்த்தது. 1952-இல் விதியைத் திருத்தினார்கள். அதே பெர்சன், அதே அணி, தங்கம். அதே கதவு வழியாகப் பெண்களும் உள்ளே வந்தார்கள். போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல் அந்த வருடம் வெள்ளி வாங்கினார், 1956-லும் வெள்ளி. 1956 கூத்து, மனிதர்கள் திருந்தியதால் அடங்கவில்லை. நடுவர் எண்ணிக்கை, அவர்கள் உட்காரும் இடம், வெளியில் தெரியும் மதிப்பெண், சொந்தச் சம்பந்தம் உள்ளவர் விலக வேண்டும் என்ற விதி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டினார்கள். இன்றும் புகார் வருகிறது. ஆனால் புகார் சொல்கிறவர் கையில் ஒரு தாள் இருக்கிறது.

நடுநிலை என்பதை நாம் ஒரு குணமாகவே பேசிப் பழகிவிட்டோம். "அவர் நேர்மையானவர், தப்பு செய்ய மாட்டார்" என்று ஒருவர் பெயரை நடுவர் பட்டியலில் போடுகிறோம். அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அவருடைய நேர்மை அவர் மனசுக்குள் இருக்கிறது. ஜெயித்த குழந்தைக்கு அது தெரியும்படி வெளியில் என்ன இருக்கிறது? நடுவர் விலகி நிற்பதை நேர்மைக்குச் சோதனை என்று நினைக்க வேண்டாம். தன் மாணவிக்கு ஒரு குரு செய்யக் கூடிய பெரிய உபகாரம் அதுதான். நாற்காலியை விட்டு எழுந்து, "இந்தக் குழந்தைக்கு நான் மார்க் போடலை, நீங்க ரெண்டு பேர் போடுங்கோ" என்று சொல்லிவிட்டால், அதன் பிறகு கிடைக்கும் மூன்றாம் பரிசுகூட அவளுக்கு முழுசாகச் சொந்தம்.

தோற்ற குழந்தையின் அப்பா அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் வைத்து, "எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணியிருப்பா" என்று சொல்லாதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும் இன்றைக்கு வேண்டாம். பாட்டில் எந்த இடம் நன்றாக வந்தது, எந்த இடம் நழுவியது என்று அவனே சொல்லட்டும். அடுத்த நாள் அமைப்பாளருக்குக் கடிதம் எழுதுங்கள். பரிசை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். காரணம் எழுதிய மதிப்பெண் தாளை எல்லாக் குழந்தைக்கும் கொடுங்கள் என்று கேளுங்கள். உங்கள் பிள்ளை முதல் பரிசு வாங்கிய வருடமும் இதே கடிதத்தை எழுதுங்கள். அந்த வருடம் எழுதும் கடிதத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

நடுவராக உட்காரப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மயிலாப்பூர் என்றால் விசாரிக்காமல் இருக்க முடியாது, அது இந்த ஊர் மரியாதை. குரு யார், எந்த ஊர், பாட்டி பாடுவாளா, எல்லாம் கேளுங்கள். மார்க் போட்டு, கையெழுத்தும் போட்டு, தாளை மடித்துக் கொடுத்த பிறகு கேளுங்கள்.